முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும்

நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இப்போது கணக்கு இருக்கிறது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரலில் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி. மலைக்கு அது தேவைதான், முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே அக்கறையோடு சேரம்பாடியிலும் எருமாட்டிலும் மஞ்சூரிலும் காலை ஆறரை மணிக்கு பஸ்ஸுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் ஜீப்பைத் தேடிப் போகிறார்கள் என்றும் எண்ணுங்கள் என்கிறேன்.

மாவட்ட பஸ் சேவையை மேம்படுத்தும் பேச்சு எடுத்தாலே புது பஸ் எத்தனை வரும் என்றுதான் கேட்கிறோம். புது பஸ் வரட்டும். ஆனால் மலையில் ஒரு ஊரின் பிழைப்பு முதல் பஸ்ஸிலும் கடைசி பஸ்ஸிலும்தான் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்கள் அந்த இரண்டு ட்ரிப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

பந்தலூரில் இருந்து ஊட்டிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். தேவாலா, நாடுகாணி, கூடலூர், நடுவட்டம் என்று ஏறி வர வேண்டும். கலெக்டர் ஆபீஸ் ஊட்டியில். 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேதான். கூடலூரில் இறங்கும்போது ஊட்டி பஸ் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பிவிட்டது என்றால், ஓ.பி. சீட்டு வாங்கும் நேரம் வழியிலேயே போய்விடும். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. இதைச் சரிசெய்யப் புதிதாக ஒரு பஸ்கூட வேண்டாம். கிளை பஸ் வந்து சேர்ந்த பிறகு மெயின் பஸ் கிளம்பும்படி டைமிங் போட்டால் போதும்.

அடுத்தது ஹால்ட் பஸ். இரவு கடைசி ட்ரிப்பாக மேலே போய், ஊரிலேயே நின்று, விடிந்ததும் முதல் ட்ரிப்பாக இறங்கும் பஸ். டிரைவரும் கண்டக்டரும் அங்கேதான் படுக்க வேண்டும். ஜனவரி உறைபனியிலும் ஆடி மழையிலும் ஒழுகாத ஒரு அறை, கழிப்பறை, குளிக்க வெந்நீர். அவர்களுக்கு இவ்வளவுதான் தேவை. அது இல்லாத இடத்தில் ஆள் தங்கமாட்டார், தங்கச் சொல்வதும் நியாயமில்லை. ஹால்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டால் மறுநாள் பஸ் டெப்போவில் இருந்து ஏறி வர வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பிந்திப்போகும். பஸ் வாங்கும் பணத்தில் ஒரு துளியை எடுத்து இந்த அறைகளைக் கட்டுங்கள். பணியாளர் நலன் என்று இதைத் தனியாக ஒதுக்கக் கூடாது. ஊருக்கு பஸ் வருவதும் வராததும் அந்த அறையில்தான் இருக்கிறது.

கடைசி பஸ்ஸுக்கு யானையும் ஒரு காரணம். ஓவேலியிலும் தேவர்சோலையிலும் இருட்டிய பிறகு எஸ்டேட் ரோட்டில் நடப்பது உயிரைப் பணயம் வைப்பது. டவுன் கடையில் வேலை முடித்துவரும் பெண்ணை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு, மீதி தூரத்தை நடந்து போ என்று சொல்கிற ரூட்டை ரூட் என்று நான் ஏற்கமாட்டேன்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-ல் தொடங்கியது, 2024-ல்தான் மலைப்பகுதிக்கு நீட்டித்தார்கள். நல்ல திட்டம். டிக்கெட் காசு மிச்சமாவது ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பஸ் வராத நாளில் அதே பெண் ஜீப்புக்குக் காசு கொடுக்கிறார்.

மினி பஸ்ஸை நம்பலாம் என்கிறார்கள். 2025 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. குறுகிய எஸ்டேட் ரோட்டுக்குச் சின்ன வண்டிதான் சரி. ஆனால் தனியார் வண்டி கலெக்‌ஷன் வரும் நேரத்துக்குத்தான் ஓடும். பத்துப் பேர் மட்டும் ஏறும் விடிகாலை ட்ரிப்பையும் இரவு ட்ரிப்பையும் அரசுதான் நஷ்டத்தோடு ஓட்ட வேண்டும். வளைவுகளில் ஏறி இறங்கும் பஸ்ஸுக்கு டீசலும் பிரேக் தேய்மானமும் அதிகம். சமவெளி ரூட்டோடு ஒரே தராசில் வைத்து இதை நிறுத்தக் கூடாது.

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் உங்கள் ஊருக்கு வேண்டிய முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தை எழுதித் தீர்மானம் போடுங்கள். ‘கூடுதல் பஸ் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த நிறுத்தம், எத்தனை மணி, எத்தனை பேர், எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். ஓவேலி, தேவர்சோலை மாதிரி பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே இருப்பவர்கள் அதே விவரத்தோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். மனுவின் ஒரு நகலை டெப்போ மேனேஜரிடமும் கொடுங்கள்.