பல் துலக்கும் நேரமும் என் 11 நிமிடமும்

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எதைப் பற்றி என்று உங்களுக்குத் தெரியும். 11 நிமிடம் நடந்தேன் என்று நான் போட்ட பதிவுக்குக் கீழே வந்த அந்த ஒற்றை வரியைப் பார்க்காதவர் என் நட்பு வட்டத்தில் அநேகமாக இல்லை. பதிவுக்கு விழுந்த விருப்பங்களைவிட அந்த வரிக்கு விழுந்த சிரிப்புகள் அதிகம். "அக்கா, நான் பல் துலக்கிக்கொண்டே இதைவிட அதிகமாக நடப்பேனே!"

நல்ல நகைச்சுவைதான். எழுதிய தம்பியும் கெட்டவர் இல்லை. என்னோடு ஐந்து ஆண்டு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பெயர் சொல்லப்போவதில்லை. யாரும் தேடிப்போய் அவரைத் திட்டவும் வேண்டாம், அது என் நோக்கமில்லை.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இன்று 11 நிமிடம் நடந்தேன்." சாதனை என்று சொல்லவில்லை. பதக்கம் கேட்கவில்லை. அந்த 11 எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். வீட்டிலிருந்து புறப்பட்டு ஐந்தரை நிமிடத்தில் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நின்றேன். நின்ற இடத்திலேயே குடியிருக்க முடியாதல்லவா, வந்த வழியே திரும்பி நடந்தேன். அது ஓர் ஐந்தரை. கூட்டிக்கொள்ளுங்கள். யோசித்து வைத்த இலக்கு இல்லை அது. என் நுரையீரல் போட்ட எல்லைக்கோடு.

எனக்கு வயது 47. எடை 96 கிலோ. இரண்டு மாடி ஏறிவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர் பயந்துவிடுவார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை வளையம், 6.5 தொட்டால் நீரிழிவு. மருத்துவர் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "தாராளமாக நடக்கலாம். மெதுவாகத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார். மெதுவாகத் தொடங்கினேன். "மெதுவாகத் தொடங்கு" என்று எல்லாரும் சொல்வார்கள். ஒருத்தி நிஜமாகவே மெதுவாகத் தொடங்கிவிட்டால் மட்டும் "இவ்வளவு மெதுவாகவா?" என்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். 11 என்பது பூஜ்யம் இல்லை. அதற்கு முந்தின நாள் நான் நடந்தது பூஜ்யம். அதற்கு முந்தின எட்டு ஆண்டும் பூஜ்யம்.

"11 நிமிடத்தில் என்ன கிடைத்துவிடும், உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறதே" என்று விவரம் தெரிந்த ஒருவர் தனிச்செய்தியில் பாடம் எடுத்தார். நன்றி ஐயா. 2020-இல் வந்த அதே பரிந்துரையைத்தான் நானும் படித்தேன். 150 முதல் 300 நிமிடம் வரை என்று சொல்கிற அதே இடத்தில், கொஞ்சம் செய்வது ஒன்றுமே செய்யாததைவிட மேல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முன்பு ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு 150 மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் வருகிறது, மன்னிக்கவும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெளிவந்த 196 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூன்று கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது. வாரம் 75 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைத்தவர்களுக்கு, அசையாதவர்களோடு ஒப்பிட்டால், இதய இரத்தநாள நோய் வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. 75-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். நாளைக்குக் கிட்டத்தட்ட 11 நிமிடம். தம்பி, நீங்கள் பல் துலக்கும் நேரம்!

அது வெறும் அவதானிப்பு ஆய்வு, நடப்பதால்தான் நோய் குறைந்தது என்று நிரூபணம் ஆகாது என்று ஒருவர் கிளம்புவார். சரி, ஆகாது. என்ன செய்யச் சொல்கிறீர்கள், நிரூபணம் வரும்வரை உட்கார்ந்தே இருக்கட்டுமா?

எடை குறைய உணவுதான் முக்கியம் என்பவர்களுக்கு: ஆமாம். நான் எடைக்காக நடக்கவில்லை. அடுத்தது.

"இதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்வது, இதற்குப் போய் மனம் வருந்தலாமா?" இதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பழைய கதை ஒன்று இருக்கிறது.

எட்டு ஆண்டுக்கு முன் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். ஒரு வருடச் சந்தா மொத்தமாகக் கட்டினேன், பணம் போனால்தான் புத்தி வரும் என்று. பயிற்சியாளர் இளைஞர், துடிப்பானவர். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல் நாளே உடம்புக்கு அதிர்ச்சி கொடுக்க வேண்டும்" என்றார். கொடுத்தார். ஒரு மணி நேரம். கையில் எடையோடு உட்கார்ந்து எழுந்தது எத்தனை முறை என்று எண்ணிக்கை தவறிவிட்டது. நடுவில் போதும் என்றேன். "போதும் என்று சொல்வது உங்கள் மூளை, உடம்பு இல்லை" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் பரவாயில்லை. அதற்கு மறுநாள் காலை கழிப்பறையில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, தொடை இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல, கண்ணில் நீர் வர எழுந்தேன். கேட்டதற்கு, "லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது" என்றார் அவர். அப்போது நம்பினேன். அந்த அமிலம் ஒரு மணி நேரம் போனால் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும், இரண்டு நாள் காத்திருந்து வலி தராது. பழக்கமில்லாத வேலையைத் திடீரென்று சுமந்த தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் அது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே அடங்கும், அடுத்த முறை அவ்வளவு இருக்காது. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். தசை சில வாரங்களில் தேறிவிடும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் தேற மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் அங்கே யாரும் சொல்லவில்லை. அதிர்ச்சி கொடுக்க மட்டும் ஆள் இருந்தது.

ஒரு வருடச் சந்தாவில் நான் போனது 3 நாள். பணத்தை விடுங்கள். எட்டு ஆண்டு போனது. உடற்பயிற்சி என்றால் அவமானம், வலி, சிரிப்பு என்று மனத்தில் பதிந்துபோனதற்கு எட்டு ஆண்டு விலை. ஆகவே விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தப் பயிற்சியாளரும் விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

"செய்வதைச் செய்துவிட்டுப் போங்கள், அதை ஏன் ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும்?" இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. நீங்கள் தினமும் காலையில் 21 கிலோமீட்டர் ஓடிய வரைபடத்தைப் போடுகிறீர்கள், நான் ஏன் என்று கேட்டேனா? விருப்பமும் போட்டேன்.

கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் காலடி ஆகாவிட்டால் நடையே இல்லை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் ஏதோ மருத்துவப் புத்தகத்தில் வந்த எண் என்று நினைத்திருந்தேன். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயராம். மான்போ-கெய், பத்தாயிரம் அடி அளவி. விற்பவர் வைத்த பெயரை நாம் வேதமாக்கிக்கொண்டோம். 2019-இல் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், நாளைக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஒவ்வோர் அடியிலும் ஆதாயம் அதிகம். எனக்கு, தம்பி. உங்களுக்கு இல்லை.

"இந்த வயதில் இனி உடம்பு எங்கே திரும்பப்போகிறது" என்று ஒரு சித்தி எழுதியிருந்தார். சித்தி, 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடல் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் 20 வயதில் படுக்கைக்குப் போவதற்கு முன்பிருந்த அளவுக்கே திரும்பியது. படிப்படியாக என்ற சொல்லை இன்னொரு முறை படியுங்கள். பல் துலக்கும் தம்பியும் படிக்கட்டும். அவர் என்னைப் போல ஆக இருபது ஆண்டு தேவையில்லை, மூன்று வாரக் காய்ச்சல் போதும். சபிக்கவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

சரி, கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டேன். அழிக்கவும் மனமில்லை.

உண்மையில் என்னை உறுத்துவது அவர் எழுதியதுகூட இல்லை. பருத்த உடம்போடு தெருவில் நடப்பதென்றால் என்னவென்று ஒல்லியானவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எதிரே வருபவர் உங்கள் முகத்துக்கு முன் வயிற்றைப் பார்ப்பார். உட்கார்ந்தே இருந்தால் சோம்பேறி என்பார்கள், எழுந்து நடந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் நான் கடைசியாக வந்தபோது, எல்லையில் கட்டிய நாடாவை ஏற்கெனவே சுருட்டி எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். பந்தயம் முடிந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 12 வயது எனக்கு.

அந்தப் பின்னூட்டத்துக்கு நானும் ஒரு சிரிப்பு எமோஜி போட்டேன். போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது. முதல் ஆளாகப் போட்டது நான்தான். பழக்கம். நம்மைப் பார்த்து யாராவது சிரித்தால் நாமும் சேர்ந்து சிரித்துவிட வேண்டும், அப்போது வலிக்காத மாதிரி இருக்கும். போட்டுவிட்டு, மறுநாள் நான் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கால் வலி என்று வீட்டில் சொன்னேன். கால் வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் போனேன். ஏன் போனேன் என்றால், பழக்கம் ஒன்று பதிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். சராசரி 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று ஆளுக்கு ஆள் ஏகப்பட்ட வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாதாம். இரண்டு நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

இன்று 14 நிமிடம். போக ஏழு, வர ஏழு. பேச முடிந்தது, பாட்டுப் பாடியிருக்க முடியாது. மிதமான வேகத்துக்கு அதுதான் அடையாளமாம். கூடவே பேச ஆள் இல்லாததால் தனியாகவே பேசிக்கொண்டு நடந்தேன். பெரும்பாலும் அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில்கள். இங்கே எழுதியவற்றைவிட நல்லவை சில இருந்தன, வீடு வருவதற்குள் மறந்துவிட்டன.

பின்னூட்டப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். பல் துலக்குவது பற்றி இன்னொருவர் எழுதினால் மட்டும் நீக்கிவிடுவேன்.