கட்டுவதற்கு 3,500 கோடி, வாடகைக்கு எவ்வளவு?

பட்ஜெட் அன்று டிவியில் ஓடும் பெரிய எண்களில் வீட்டு வசதியும் தவறாமல் வந்துவிடும். 2024-25 பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தார்கள். 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் வருடம் 1 லட்சம். வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், ஆக 3,500 கோடி. 2025-26 பட்ஜெட்டிலும் இன்னொரு லட்சம் வீடு, இன்னொரு 3,500 கோடி. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் வந்தபோது ஆரம்பத்தில் 60,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கித் தளம் போட்டவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. அங்கிருந்து மூன்றரை லட்சத்துக்கு வந்திருப்பது பெரிய முன்னேற்றம்.

ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேரும்? சொந்த இடமும் பட்டாவும் இருப்பவருக்கு. இருக்கிற குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம். இடமே இல்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. அவர் பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்பி நகரத்துக்கு வந்திருப்பார்.

சென்னையில் வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடைபாதையிலேயே இரண்டு, மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காம்பவுண்டு கிரில்லில் கட்டிய சாக்கு மூட்டைதான் அவர்களுக்கு பீரோ. புடவையைக் குறுக்கே கட்டினால் சுவர். அதே கிரில்லில் மாநகராட்சிப் பள்ளி யூனிஃபார்ம் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஆதார் இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டும் போடுவார்கள். பூ கட்டி விற்கும் ஒரு அக்காவிடம், வீடில்லாதவர்கள் தங்கும் மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போகலாமே என்று கேட்டேன். "பையனுக்குப் பதினாலு வயசு தம்பி. அவனை ஒரு இடத்துல போடுவாங்க, என்னை ஒரு இடத்துல போடுவாங்க. வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். சாமானை யாரு பாத்துக்கிறது?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்து கூடத் தவறில்லை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சென்னையில் காப்பகங்களும் இருக்கின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியவர்களுக்கு என்று தனித்தனியாக. தனியாளாக வந்து நிற்பவருக்கு அது பெரிய ஆதரவுதான். ஆனால் நடைபாதையில் இருப்பவர்களில் பலர் குடும்பமாக அல்லவா இருக்கிறார்கள்! 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ம் தேதி இரவு தெருத்தெருவாகப் போய் எண்ணியபோது சென்னையில் மட்டும் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடில்லாதவர்கள். ஒரே இரவில் எண்ணியது, அதுவும் பழைய கணக்கு.

நான் கேட்பது இதுதான். பட்ஜெட்டில் வாடகை உதவி என்று ஒரு தனித் தலைப்பு வேண்டும். வடசென்னையில் ஒரு ரூம், பொது பாத்ரூம் என்றால்கூட மாதம் ஐந்தாயிரம் ஆறாயிரம் ஆகிறது. மாதம் 5,000 என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 60,000. ஐயாயிரம் குடும்பத்துக்குக் கொடுத்தால் 30 கோடி. அட்வான்ஸ் ஆளுக்கு 30,000 என்றால் முதல் வருடம் மட்டும் இன்னொரு 15 கோடி. 3,500 கோடிக்குப் பக்கத்தில் இந்த 45 கோடியை வைத்துப் பாருங்கள். ஒரு கனவு இல்லத்துக்கு ஆகும் செலவில் ஒரு குடும்பம் கிட்டத்தட்ட ஆறு வருடம் வாடகை வீட்டில் இருக்க முடியும். அந்த ஆறு வருடத்தில் அந்தப் பையன் ப்ளஸ் டூ முடித்து ஒரு வேலைக்கும் போயிருப்பான்.

நடைபாதைக் குடும்பம் என்று தெரிந்தால் எந்த ஹவுஸ் ஓனர் வீடு கொடுப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாதி கேட்பார்கள், வேலை என்ன என்று கேட்பார்கள். அதனால்தான் ஒப்பந்தத்தை அரசே போட வேண்டும் என்கிறேன். ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டித் தரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமோ மாநகராட்சியோ வீட்டை எடுத்து, அட்வான்ஸையும் தன் பெயரிலேயே கட்டி, குடும்பத்தைக் குடியமர்த்தட்டும்.

அரசு ஏன் இதைத் தொடத் தயங்குகிறது என்றும் புரிகிறது. வீடு கட்டுவது ஒரு தடவைச் செலவு. சாவி கொடுக்கலாம், எண்ணிக்கை சொல்லலாம். வாடகையும் பராமரிப்பும் வருடா வருடம் வந்து நிற்கும். இந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது ஏழைகள்தான். திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்து 24 வீடுகள் மண்ணோடு போயின. தொண்ணூறுகளில் கட்டியது. விரிசலைப் பார்த்து ஜனங்களே வெளியே ஓடி வந்ததால் உயிர் பிழைத்தார்கள். பராமரிப்புக்கு இப்போது 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று, குடியிருப்போர் வசூலிக்கும் தொகைக்குச் சமமாக அரசும் தருகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் வசூலிக்கவே வழியில்லாத குடியிருப்புதான் முதலில் இடியும். அதற்கு இதில் என்ன கிடைக்கும்?

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது வெளியே வாடகைக்குப் போகும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை. முன்பு 8,000-ஆக இருந்ததை 2021-ல் உயர்த்தினார்கள், சரி. மாதம் 6,000 வாடகை என்றால் நான்கு மாதத்துக்கு வரும். அடுக்குமாடி நான்கு மாதத்தில் எழும்பாது.

சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் கதையும் இதே கணக்கில்தான் வருகிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு, அதனால் வீட்டின் அடக்க விலை குறைவு. அரசுக்கு மிச்சமான அந்தப் பணத்தை மக்கள் பஸ் டிக்கெட்டாகவும், நகரத்து வீடுகளில் செய்துவந்து கைவிட்டுப்போன வேலைகளாகவும், பாதியில் நின்ற படிப்பாகவும் கட்டினார்கள். 2021-ல் பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்த பிறகு அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வீட்டுவசதிக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவு, அந்தப் பெண்களுக்கு வீட்டையே கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது.

அப்புறம், கனவு இல்லம் ஊரக வளர்ச்சித் துறையில், அடுக்குமாடி வீட்டுவசதித் துறையில், காப்பகங்கள் நகராட்சி நிர்வாகத் துறையில். சட்டசபையில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை; இதற்கு மூன்று மானியக் கோரிக்கை, மூன்று கொள்கை விளக்கக் குறிப்பு. நடைபாதையில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த வருடம் மொத்தம் எத்தனை ரூபாய் என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை.

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைத் தெரிந்தவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வீடில்லாதவர்களுக்கு மூன்று துறையும் சேர்த்துப் போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவழித்தது எவ்வளவு? குடும்பமாகத் தங்கும் காப்பகம் எத்தனை, எந்தெந்த மண்டலத்தில்? பதில் வந்தால் இங்கே கமென்ட்டில் போடுங்கள், நானும் என் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு இதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.