அது கொலைகாரத் திமிங்கலம் இல்ல மக்கா

மேல வீடியோ போட்ட அண்ணே, முட்டம் கடல்ல எடுத்தது ஓர்காதான் (கொலைகாரத் திமிங்கலம்), ரிசர்ச் படகுக்காரங்க மீனைப் போட்டு கிட்ட இழுத்துதான் போட்டோ எடுப்பாங்கன்னு எழுதிருக்கீங்க, ரெண்டும் தப்பு.

வீடியோவ நிறுத்திப் பாருங்க, தலை பானை மாதிரி உருண்டு நிக்குது, ஓர்காவுக்கு கண்ணுகிட்ட இருக்குற வெள்ளைத் திட்டே இல்ல, துடுப்பு குட்டையா பின்னால வளைஞ்சிருக்கு. இது பைலட் திமிங்கலம். 2016 ஜனவரில மணப்பாடு பக்கம் கூட்டமா கரை ஒதுங்குச்சே, அந்த வகைதான். ஓர்கா ஆணுக்கு முதுகுத்துடுப்பு ஆறடி வரை நட்டமா நிக்கும், வள்ளத்துல இருந்து பாத்தாலும் தப்பாது. இந்தியப் பெருங்கடல்ல ஓர்கா இல்லன்னு சொல்லல, இருக்கு, ஆனா இது அது இல்ல.

பொறவு போட்டோ விஷயம். 1970கள்ல கனடாவுல மைக்கேல் பிக்ங்கிற திமிங்கல ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சது என்னன்னா, துடுப்புல இருக்க வெட்டு, கீறல், அதுக்குப் பின்னால உள்ள சாம்பல் திட்டு இத வச்சே ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியா அடையாளம் சொல்லிடலாம். அதுக்கு மூஞ்சி எதுக்கு, பக்கவாட்டுப் படம் போதும், படக மெதுவா அதுக்கு இணையா ஓட்டி லாங் லென்ஸ்ல எடுப்பாங்க, அது மூச்சுவிட மேல வர்ற ரெண்டு செகண்டுல ஷட்டர் விழணும், அவ்வளவுதான். இரை போட்டா அதோட இயல்பான நடத்தையே மாறிடும், அப்புறம் என்னத்த ஆராய்ச்சி பண்ண? அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல அங்க உள்ள 'சதர்ன் ரெசிடென்ட்'ங்கிற ஓர்கா கூட்டத்துகிட்ட சாதாரண படகு 1000 கெஜத்துக்குள்ள போகவே கூடாது, ரிசர்ச்காரங்க பெர்மிட் வாங்கித்தான் கிட்ட போவாங்க.

தலைப்ப மட்டும் மாத்திடுங்கண்ணே, வீடியோ சூப்பர்.