பிட்கேர்ன் தீவில் மாதச் சம்பளமா? அந்தச் செய்தி பொய்

“பிட்கேர்ன் தீவில் குடியேறினால் இலவச வீடு, மாதச் சம்பளம்; முன்பணம் கட்டினால் போதும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

தெற்குப் பசிபிக்கில் உள்ள இந்தத் தீவு பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. சுமார் 5 சதுர கிலோமீட்டர். மக்கள் ஐம்பது பேருக்கும் குறைவுதான். பலர், பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்து 1790-இல் இங்கே வந்திறங்கிய மாலுமிகளின் வழித்தோன்றல்கள். விமான நிலையம் இல்லை. கப்பல் கடலிலேயே நிற்கும்; நீளப் படகில் இறங்கி, அலை பார்த்துக் கரையேறி, செங்குத்தான மேட்டில் ஏறினால் தீவின் ஒரே ஊரான ஆடம்ஸ்டவுன்.

தேன், கைவினைப் பொருள், அஞ்சல்தலை விற்பனை, மற்றபடி பிரிட்டனின் நிதியுதவி: இதுதான் பொருளாதாரம். இதில் வந்தவர்க்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து வரும்? குடியேற விண்ணப்பிக்கலாம், நிலமும் கேட்கலாம். ஆனால் அனுமதி வேண்டும், கையில் சேமிப்பும் வேண்டும். பிட்கேர்ன் அரசின் இணையதளத்தில் விதிகளைப் பாருங்கள். முகவருக்குப் பணம் அனுப்பாதீர்கள், தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பகிராதீர்கள்.