பெரியம்மா மேல் தப்பில்லை

"அப்படி என்ன வேலைதான்டா பாக்குற?" என்று காவேரிப்பட்டணத்துப் பெரியம்மா கேட்காத பொங்கல் இல்லை. யூஎக்ஸ் கன்சல்டன்ட், அதாவது செயலிகள் பயன்படுத்துபவருக்குச் சுலபமாக இருக்க யோசனை சொல்பவன் என்று நான் மென்று விழுங்குவதற்குள் "கம்ப்யூட்டர்ல படம் போடறான்" என்று பக்கத்து வீட்டுக்கு அவரே சொல்லி முடித்துவிடுவார். 16 வருடமாக அதுதான் என் பதவி.

போன மாதம் அவர் ஒரு செயலியில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தொழில் புத்தி விடுமா? "நீங்களே பண்ணுங்க, நான் பாக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறந்த தேதி கேட்டது. காலண்டர் இந்த மாதத்தில் திறந்தது. அவர் பிறந்தது 1958. ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ள ஆரம்பித்தார். போய்ச் சேர 800 தட்டுக்கு மேல் ஆகும். மேலே இருக்கும் வருடத்தைத் தொட்டால் பட்டியல் விரியும், ஆனால் அது தொடக்கூடியது என்று காட்ட ஒரு கோடுகூட இல்லை. 2019 வரை போனவர் போனைக் கீழே வைத்தார். "எனக்குத்தான் இதெல்லாம் ஏறமாட்டேங்குது சாமி."

இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. தள்ளுவதா இழுப்பதா என்று கதவின் முன் ஒருவர் தடுமாறினால் பிழை கதவில்தான் என்று வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் எப்போதோ சொல்லிவிட்டார். 1993-இல் ஆப்பிளில் சேர்ந்தபோது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்ட மனிதர். ஆனாலும் எங்கள் ஊர்ப்பக்கம் கதவு தப்பித்துக்கொள்கிறது, பெரியம்மாதான் மாட்டிக்கொள்கிறார்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கே மீட்டிங்கில் "5 பேரிடம் சோதித்தால் போதும், நீல்சனே சொல்லியிருக்கிறார்" என்று இந்தத் துறையின் பெரிய ஆய்வாளரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்த 5 பேரும் அடுத்த மாடியில் இருப்பவர்கள்! வேறு வேறு வகை ஆட்கள் பயன்படுத்துவதாக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் சோதிக்க வேண்டும் என்றும் அதே நீல்சன் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தி யார் கண்ணிலும் படுவதில்லை.

செயலிக்குள் தமிழ் வருவதோ வேலை முடியும் கடைசி வாரத்தில். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்கவும்' அடங்காமல் 'சமர்ப்பிக்…' என்று தொங்கும். 'கீ'யின் தலை வெட்டுப்படும், 'ழு'வின் கால் வெட்டுப்படும். 'அனுப்பு' என்றால் என்ன குறைந்துவிடும்? ஒருமுறை மாம்பழ வியாபாரத்துக்கான திரைகளைப் பேப்பரில் வரைந்து மண்டிக்கு எடுத்துப்போனேன். பட்டியலில் 'தோத்தாபுரி' இருந்தது. ஒருவர் மேலும் கீழும் தேடிவிட்டு, "எல்லாம் சரி, பெங்களூரா எங்கங்க?" என்றார். கூழ் ஃபேக்டரிக்கு லோடு லோடாகப் போகும் தோத்தாபுரிக் காய்க்கு இங்கே பெங்களூராதான் பெயர். செயலியைச் செய்தவர்கள் ஊர்ப் பெயரைத்தான் நாங்கள் அந்தக் காய்க்கு வைத்திருக்கிறோம், அவர்களுக்கே தெரியவில்லை. 10 நிமிடத்தில், ஒரு டீச் செலவில் தெரிந்துகொண்ட விஷயம் இது.

இந்த அலுப்புக்கு ஞாயிறானால் வண்டியை எடுத்துக்கொண்டு நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுவேன். தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே பாதி நாள் ஓடிவிடும். வட்டெழுத்து எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு என்று இருந்தால், மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். (இதையும் தொழிலோடு முடிச்சுப் போட்டுப் பேசி நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

அப்புறம் பெரியம்மா விஷயம். கடைசியில் நானே வருடத்தைத் தொட்டு 1958-ஐத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே இவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருந்தியாடா?"