லோகோ இருக்கட்டும், குழி எத்தனை அடி?

மூன்று வாரமாக என் போனில் வருவதெல்லாம் கூரைப் படங்கள்தான். திருச்சியில் என் பெண் படிக்கும் பள்ளியில், மதியம் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல் வேண்டும். இருப்பது ஒரே ஒரு வேப்பமரம். அதன் கீழே இடம் கிடைக்காத பிள்ளைகள் வராண்டாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். இதற்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வீடு வீடாகப் பணம் திரட்டியது. 20 அடிக்கு 40 அடியில் துணிக்கூரை, அதாவது டென்சைல் கேனோபி, போடலாம் என்று முடிவானது. நான் பொருளாளர், அதனால் கொட்டேஷன் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

பேசிய ஒவ்வொரு கம்பெனிக்காரரும் முதலில் கேட்டது ஒன்றே: "மேடம், லோகோவை அனுப்புங்க." அடுத்தது, "என்ன கலர்?" அரை மணி நேரத்தில் த்ரீடி படம் வந்துவிடுகிறது. நீல வானம், பச்சைப் புல், கூரை உச்சியில் பள்ளிச் சின்னம். எங்கள் மைதானத்தில் புல்லே கிடையாது. உச்சியில் அச்சடிக்கும் சின்னம் கீழே உட்காரும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் தெரியாது. அதற்குத் தனியாகப் பணம் வேறு.

மண் களிமண்ணா, செம்மண்ணா? காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்? மழைத்தண்ணீர் எங்கே விழ வேண்டும்? ஒருவராவது கேட்க வேண்டுமே! இடத்தை நேரில் வந்து பார்த்தவர் ஒருவர்தான். அவரும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யூனிஃபார்மோடு பொருந்துகிற அரக்கு நிறமா, நீலமா என்பதிலேயே போனது. அடர்நிறத் துணி வெயிலை இழுக்கும், வெள்ளையோ சந்தன நிறமோ போட்டால் கீழே சூடு குறையும் என்று இரண்டு முறை சொன்னேன். "ஸ்கூலுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா" என்றார்கள். பன்னிரண்டரை மணி வெயிலில் அந்த அடையாளத்தின் கீழே உட்காரப்போவது நாங்களா? ஏழு வயதுப் பிள்ளைகள்.

சரி, நிறத்தை விடுங்கள். ஆளை அடிக்கிற விஷயம் காற்று. கட்டட வடிவமைப்புக்கு எந்த ஊரில் எவ்வளவு காற்று வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர ஆவணத்தின் மூன்றாம் பகுதி சொல்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50. எங்கள் திருச்சிக்கு 47, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 135 கிலோ அழுத்தம் வருகிறது. எங்கள் கூரை 74 சதுர மீட்டர், ஆக மொத்தம் பத்து டன். அதில் பாதிதான் மேல்நோக்கித் தூக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து டன்.

இப்போது கொட்டேஷனுக்கு வாருங்கள். ஆறு கால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி, கான்கிரீட். ஒரு குழி கான்கிரீட்டின் எடை சுமார் 230 கிலோ. ஆறும் சேர்ந்தால் ஒரு டன் நானூறு கிலோகூட வராது. துணிக்கும் குழாய்க்கும் பெரிய எடை இல்லை. பிறகு எது இதைப் பிடித்து நிறுத்தும்? இதை அந்தக் கம்பெனிக்காரரிடம் போனில் கேட்டேன். "இதுவரைக்கும் எங்களுக்கு எதுவும் பறந்ததில்ல மேடம்" என்றார். அதுதான் பதிலா? என் பெண் உட்காரும் இடத்துக்கு மேலே நிற்கப்போகிற பொருளுக்கு அதுவா கணக்கு?

குழாயிலும் இதே கதை. "ஜி.ஐ. பைப், 2 இன்ச்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். குழாயின் தடிமன் ஏ கிளாஸா பி கிளாஸா? மஞ்சள் பட்டை இருந்தால் ஏ, மெல்லியது, நீலப்பட்டை பி, சிவப்பு சி. பெயின்ட் அடித்துவிட்டால் பட்டை மறைந்துவிடும், பிறகு யார் பார்ப்பது? வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். துணிக்கு எத்தனை ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, என்று கேட்டால் "ஹெவி குவாலிட்டி" என்கிறார்கள். ஹெவி என்பது ஒரு எண்ணா? சரிவும் போதாது. தட்டையாக இழுத்துக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு எத்தனை நூறு லிட்டர் தலைக்கு மேல் தொங்கும்?

அப்புறம் தீ. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குகிறது. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். அதற்குப் பிறகும் ஒரு பள்ளிக்குக் கூரை விற்க வருகிறவரிடம், துணி தீயைத் தாங்குமா, சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் யாரும் கேக்கிறதில்ல மேடம்" என்கிறார். யாரும் கேட்பதில்லையாம். விற்கிறவர் தானாகவே கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்க வேண்டிய காகிதம் அது!

எங்கள் தெருவில் பந்தல் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு நாள் கல்யாணத்துக்குத்தான் பந்தல். ஆனால் வந்ததும் கடப்பாரையால் மண்ணைக் குத்திப் பார்ப்பார், "ஆடி மாசம்மா, மேற்கே கயிறு கூடக் கட்டணும்" என்பார், துணியின் ஓரத்தைத் தூக்கிக் காற்றுக்கு வழிவிடுவார். இரண்டு நாள் நிற்கிற பந்தலுக்கு அவ்வளவு யோசிக்கிறார் அந்த மனிதர். பத்து வருடம் நிற்கும் என்று விற்கிறவர்களுக்கு நிறம்தான் முதல் கேள்வி.

நேற்று ஒரு கம்பெனியிடமிருந்து திருத்திய கொட்டேஷன் வந்தது. காற்றுக் கணக்கையும் குழி ஆழத்தையும் பொறியாளர் கையெழுத்தோடு கேட்டிருந்தேன். முதல் பக்கத்தில் சின்னத்தைத் தங்க நிறத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். குழி அதே ஒன்றரை அடி. பொறியாளர் கையெழுத்துக்கான இடம் காலி. இந்த வாரமே முன்பணம் கொடுத்தால் தள்ளுபடியாம், தலைவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் செக்கில் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடம் நிரம்பி வரும்வரை போடவும் மாட்டேன்.