பிரிண்டருக்குக் காரணம் தெரியும், வாயைத்தான் திறக்காது

ஐந்து நாள். ஒரே ஒரு போட்டோ. மச்சில் இருக்கிற ரவுட்டருக்கும் கீழே ஆச்சி அறை மேஜையில் இருக்கிற பிரிண்டருக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். அதைக் கடந்து வர ஐந்து நாள் ஆயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் செங்கோட்டைப் பக்கமே திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. ஊர் வந்துவிட்டது, படம் வரவில்லை.

நான் கேரளத்துப் புனலூர்க்காரி, எல்லைக்கு இந்தப் பக்கம் புளியரையில் வாழ்க்கைப்பட்டவள். ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரோடுதான் குப்பை கொட்டுகிறேன். அதனால் ‘உனக்குத் தெரியாது, அதான்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் இவர் ஏற்கெனவே ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி லீவுக்கு வந்தபோது சின்ன போட்டோ பிரிண்டர் ஒன்று வாங்கி வந்தான். போஸ்ட் கார்டு அளவில் படம் போடும். மை கிடையாது, சாய ரிப்பன்தான். வயர் வேண்டாம், போனிலிருந்தே போடலாம் என்று பெட்டியின் மேலேயே சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். இவருடைய ஆச்சிக்கு எண்பத்தாறு வயது. போனில் படம் காட்டினால் பார்க்க மாட்டாள். “கண்ணாடிக்குள்ள இருக்கத எப்படிட்டீ கையில வச்சுப் பாக்க?” என்பாள். கொள்ளுப்பேரனை மடியில் வைத்து எடுத்த படம் காகிதத்தில் வேண்டும், அதைப் புனலூரில் இருக்கிற தங்கச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ரயிலில் என் நாத்தனார் புனலூர் போகிறாள். திங்கள் சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன். நாலு நாள் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு.

முதலில் ஆப். படம் போடுகிற பெட்டிக்கு என் மின்னஞ்சல் எதற்கு? பிறந்த தேதி எதற்கு? கொடுத்தேன். அடுத்து, நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க அனுமதி கேட்டது. பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப் தேட வேண்டுமானால் அந்த அனுமதியைப் பல போன்களில் கேட்டே ஆக வேண்டும். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில், மேஜை மேல் என் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறதே என்று ரத்தம் கொதித்தது. அதையும் கொடுத்தேன். பிறகு பிரிண்டர் தானே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பும், போன் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். போன் பிடித்தது. பிடித்த பத்தாவது விநாடியில் ‘இதில் இன்டர்நெட் இல்லை’ என்று கையை உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியது. இப்படி ஏழு தரம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் தாவாது என்று எங்காவது ஒரு வரி எழுதி வைக்க என்ன கேடு?

சரி, அதையும் நானே கண்டுபிடித்து அணைத்தேன். பக்கத்தில் இருக்கிற வைஃபைகளின் பட்டியல் வந்தது. தெருவில் இருக்கிற அத்தனை வீடும் அதில் இருக்கிறது. மூன்றாவது வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சியின் வைஃபைகூட இருக்கிறது. எங்கள் வீட்டு வைஃபை மட்டும் இல்லை. என் போனில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கிறது, பிரிண்டரின் கண்ணுக்கு மட்டும் எங்கள் வீடே இல்லை.

செவ்வாய்க்கிழமை உதவி எண்ணுக்கு அடித்தேன். என் சிம் புனலூரில் எடுத்தது, அதனாலோ என்னவோ மலையாளத்தில்தான் பேசினார்கள். மொழி எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. “சாரமில்ல சேச்சி, ரவுட்டர் ஒந்நு ஆஃப் செய்து ஓண் செய்யூ.” செய்தேன். “பிரிண்டரும் ஓஃப் செய்து ஓண் செய்யூ.” செய்தேன். “இனி போண்.” அதையும் செய்தேன். இனி ஆஃப் செய்து ஆன் செய்ய வீட்டில் மிச்சம் இருந்தது ஆச்சியும் நானும்தான். நெட் கனெக்‌ஷன் கொடுத்த பையனுக்கு அடித்தால், “போன்ல நெட்டு வருதுல்லாக்கா? அப்போ எங்க பக்கம் ஒன்னும் இல்ல” என்று வைத்துவிட்டான்.

புதன்கிழமை, பட்டன் முறை. ரவுட்டரில் ஒரு பட்டன், பிரிண்டரில் ஒரு பட்டன், இரண்டையும் இரண்டு நிமிஷத்துக்குள் அழுத்தினால் பாஸ்வேர்டே வேண்டாமாம். 2006-லேயே வந்துவிட்ட வசதி. ரவுட்டர் மச்சில், பிரிண்டர் கீழே. மேலே அழுத்திவிட்டு, சாரலில் ஊறி வழுக்குகிற படியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஓடி வந்து கீழே அழுத்தினேன். ‘இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.’ திரும்ப ஏறினேன். ஆச்சி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “கல்யாணமாகி வந்த வருசம்கூட நீ இப்படி ஓடலியே” என்றாள். நாலாவது தரம் ஓடியபோது இவர், பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு மச்சுக்கே போயிருக்கலாமே என்றார். போயிருக்கலாம்தான். அதை முதல் தரமே சொல்லியிருந்தால் என்ன? அப்புறம் மேலே கொண்டுபோயும் பார்த்தோம். அதே வரிதான்.

அந்த வரியைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். ‘இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.’ ஏன் முடியவில்லை? பாஸ்வேர்டு தப்பா? வைஃபைக்குப் போட்டிருக்கிற பூட்டு, அதாவது பாதுகாப்பு முறை, எந்த வகை என்று புரியவில்லையா? சிக்னல் எட்டவில்லையா? எந்தப் படியில் தடுக்கி விழுந்தது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு, திரும்ப வா திரும்ப வா என்கிறது. எங்கள் புளியரை செக்போஸ்டில் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினால்கூட எந்தக் காகிதம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். இது காகிதத்தை வாங்கிப் பார்த்து, மடித்துக் கையில் கொடுத்து, ‘மறுபடி வாருங்கள்’ என்கிறது. எத்தனை தரம் வருவது?

வெள்ளிக்கிழமை ரயில் போய்விட்டது. நாத்தனார் வெறுங்கையோடு போனாள். படத்தை அவளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். புனலூர் ஸ்டேஷனில் இறங்கி, போகிற வழியில் இருந்த ஸ்டுடியோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொண்டு, ஆச்சியின் தங்கச்சி கையில் அதைக் கொடுத்து ஒரு செல்ஃபியும் எடுத்து அனுப்பிவிட்டாள். மலை ஏறி, பதிமூன்று கண் பாலம் தாண்டி, மாநிலம் தாண்டி இருக்கிற கிழவிக்குப் படம் கிடைத்துவிட்டது. படத்தில் இருக்கிற கிழவி இங்கே வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன் மழைக்கு ஒதுங்க வந்தான். ரவுட்டருக்குள் புகுந்து பார்த்துவிட்டு, “அத்தை, இது பதிமூணுல கெடக்கு” என்றான். எனக்குப் பதிமூன்று என்றால் அந்தப் பாலம்தான் தெரியும். அவன் சொன்னது சேனல், வைஃபை அலை ஓடுகிற தடத்தின் எண். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நம் ஊரில் 13 சேனல் வரை ஓட்டலாம். அமெரிக்காவில் விற்கிற பெட்டிகள் பெரும்பாலும் 11-ஓடு நின்றுவிடும். எங்கள் ரவுட்டர் தானாகவே காலியான சேனல் தேடி 13-இல் போய் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கப் பிரிண்டருக்கு அப்படி ஒரு சேனல் உலகத்தில் இருப்பதே தெரியாது. என் போன் இங்கே வாங்கியது, அதனால் அதற்குத் தெரிந்தது. ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இன்னோர் அலைவரிசையும் உண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் இந்தக் குட்டிப் பிரிண்டருக்கு 5 அறவே ஆகாது. பையன் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, சேனலை 6-இல் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினான். பட்டியலில் எங்கள் வீடு வந்தது! ‘வெளிநாட்டில் வாங்கியதென்றால் சேனலைப் பாருங்கள்’ என்று அந்த உதவி எண்ணில் ஒருவர் சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும்.

முடிந்ததா என்றால் இல்லை. பாஸ்வேர்டு போட வேண்டும். பிரிண்டரில் விரல் நகம் அளவு திரை, அதற்குக் கீழே நாலு அம்புக்குறி பட்டன். ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே, கீழே, வலது, இடது என்று நகர்ந்து போய் ஓகே அழுத்த வேண்டும். எங்கள் பாஸ்வேர்டு என் மாமனார் வைத்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு அட் குறி, கடைசியில் 1956. பதினேழு எழுத்து. குறிகள் இருக்கிற பக்கத்துக்குப் போக ஒரு பட்டன், திரும்பி வர இன்னொரு பட்டன். பதினாறாவது எழுத்தில் ஓகேக்குப் பதில் பக்கத்துப் பட்டனில் கை பட்டது. அத்தனையும் அழிந்தது. ஒரு நிமிஷம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பப் போட்டேன். ‘இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.’

இந்தத் தடவை பூட்டு. ரவுட்டரில் இருந்தது டபிள்யூபிஏ3, 2018-இல் வந்த புது வகை. பிரிண்டருக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 மட்டும். அந்த இரண்டு பட்டன் வித்தைக்கும் டபிள்யூபிஏ3-இல் இடமே கிடையாதாம். அதாவது புதன்கிழமை நான் படியில் ஓடிய அத்தனை ஓட்டமும் சுத்த தண்டம். பழைய பூட்டுக்கு மாற்றினான், பதினேழு எழுத்தையும் அவனே போட்டான், பச்சை விளக்கு எரிந்தது. அவனுக்கு பார்டர் புரோட்டா வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கையும் பிரிண்டர் தலையில்தான் எழுத வேண்டும்.

படம் வந்தது. அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்த வகைப் பிரிண்டரில் காகிதம் நாலு தரம் உள்ளே போய் வெளியே வரும். முதல் தரம் மஞ்சள் மட்டும். ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, “என்னட்டீ, காமாலை கண்டவ மாதிரி இருக்கேன்?” என்றாள். இரண்டாவது தரம் சிவப்பு ஏறியது, மூன்றாவது தரம் நீலம் ஏறியதும் முகம் முகமாயிற்று, அவள் கட்டியிருந்த பச்சைக் கண்டாங்கி பச்சையாயிற்று. கடைசியாக மேலே ஒரு பளபளப்புப் பூச்சு. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. ஓரத்தைப் பிடித்து வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, கொள்ளுப்பேரன் முகத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது உண்மை.

மறுநாள் ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்தது. ‘பிரிண்டர் ஆஃப்லைன்.’

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் வீட்டில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் புதுசாக முகவரி எண் பங்கு வைத்திருக்கிறது. பிரிண்டருக்கு நேற்று ஒரு எண், இன்றைக்கு வேறு எண். போன் பழைய எண் வாசலில் போய் நின்று கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது. இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ரவுட்டரில் எழுதி வைத்துவிட்டால் மாறாது. எழுதினேன். எண்ணைச் சீட்டில் குறித்துப் பிரிண்டர் முதுகிலும் ஒட்டிவிட்டேன்.

ஆச்சி இன்னும் ஆறு படம் கேட்டிருக்கிறாள், ஆளுக்கொன்று கொடுக்க. ராத்திரி திரும்பவும் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. கீழே இறங்கிப் போய்ப் பச்சை விளக்கு எரிகிறதா, என்ன வரி போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் போகவில்லை.